பழநி மலைப்பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜின்

கோயம்புத்தூருக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் புறப்பட்டு, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பழநி வழியாகக் கொடைக்கானலை அடையும் சாலை ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளமுடையது. பழைய சிறு கார் ஒன்றின் இன்ஜினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்தினால் வண்டி எப்படி ஓடும் என்று கேட்பவர்களுக்கு இந்தச் சாலை நெடுகிலும் விடை கிடைக்கிறது; ஆனால் புறப்படும் இடத்தில் கிடைக்கும் விடையும் போய்ச் சேரும் இடத்தில் கிடைக்கும் விடையும் ஒன்றல்ல. சமதளத்தில் அந்த இன்ஜினுக்குப் பெருமை சேர்க்கும் குணங்களில் பல, பழநிக்குத் தெற்கே சாலை மேலேறத் தொடங்கியதும் குறைகளாக மாறிவிடுகின்றன.

இப்படியொரு ஆசை பட்டறைகளில் ஓயாமல் முளைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் எண்களில் இருக்கிறது. இத்தாலியில் 1957இல் வெளிவந்த ஃபியட் 500 காரின் இன்ஜின் 479 சி.சி. அளவும் 13 குதிரைத்திறனும் கொண்டது; பிஸ்டன் சென்றுவரும் உருளையின் கொள்ளளவைக் கன சென்டிமீட்டரில் சொல்வதே சி.சி. எனப்படுகிறது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், 948 சி.சி. இன்ஜினிலிருந்து ஏறத்தாழ 35 குதிரைத்திறனைப் பெற்றது. புனேக்கு அருகே சாக்கனில் தயாரான முந்தைய வகை கே.டி.எம். 390 மோட்டார் சைக்கிளோ 373 சி.சி.யிலேயே 43 குதிரைத்திறன் தந்தது. அதன் இன்ஜினை இரண்டு பேர் தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம். ஹெரால்டின் வார்ப்பிரும்பு இன்ஜினை இறக்கச் சங்கிலிக் கப்பி வேண்டும். மேலும், காரில் இன்ஜினும் கியர் பாக்ஸும் தனித்தனிப் பெட்டிகளாக இருக்க, மோட்டார் சைக்கிளில் இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் ஆகிய மூன்றும் ஒரே அலுமினியக் கூட்டுக்குள் அடங்கி, ஒரே எண்ணெயில் ஓடுகின்றன. ஒரு பொருளைத் தூக்கி வைத்தால் மூன்று வேலை முடியும் என்பது எந்த மெக்கானிக்கையும் சபலப்படுத்தக் கூடியதே.

செட்டிபாளையத்தில் இந்தச் சபலம் முறையான கல்வியாகவே நடக்கிறது. மாருதி 800 இன்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி, குறைந்த செலவில் பந்தயம் ஓட்ட இந்திய இளைஞர்களுக்கு வழி திறந்தவரும், 1995இல் விமான விபத்தில் உயிரிழந்தவருமான கோவை எஸ். கரிவர்தனின் பெயரைத் தாங்கிய இந்தத் தடத்தில், பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய சிறு பந்தயக் கார்களைக் கொண்டுவந்து போட்டியிடும் ஃபார்முலா பாரத் நடைபெறுகிறது. அதன் விதிப்படி இன்ஜின் 710 சி.சி.யைத் தாண்டக் கூடாது. இன்ஜினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகவே போக வேண்டும். இந்த வரம்புக்குள் நிற்கும் கார் இன்ஜின்கள் மிகச் சில என்பதால், பெட்ரோலில் ஓடும் மாணவர் கார்களில் பெரும்பாலானவற்றை மோட்டார் சைக்கிள் இன்ஜினே இயக்குகிறது.

அந்தக் கார்களின் பின்புறத்தைக் குனிந்து பார்த்தால் ஏற்பாடு முழுவதும் திறந்தே கிடக்கிறது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் எஃகுக் குழாய்ச் சட்டத்தில் இன்ஜின் அமர்ந்திருக்கும். அதன் பக்கவாட்டில் நீண்டிருக்கும் தண்டில் 13 அல்லது 14 பற்களுள்ள சிறிய ஸ்பிராக்கெட் இருக்கும். அதிலிருந்து புறப்படும் செயின், மோட்டார் சைக்கிளில் பின்சக்கரத்தைப் பற்றுவதுபோலன்றி, இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே உள்ள டிஃபரன்ஷியலின் மேல் பூட்டப்பட்ட பெரிய ஸ்பிராக்கெட்டைச் சுற்றிவரும். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டியிருப்பதால், ஒரே விசையைப் பெற்றுக்கொண்டு இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதியே டிஃபரன்ஷியல். ஒற்றைச் சக்கரத்தை ஓட்டும் மோட்டார் சைக்கிளுக்கு அது தேவைப்படுவதில்லை. எனவே இன்ஜினை மாற்றுகிறவர் முதலில் தேடிப் பிடிக்க வேண்டிய உறுப்பும் அதுவே.

செயின் போகும் திசையே பந்தய வரலாற்றை ஒருமுறை திருப்பியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல், இங்கிலாந்தின் சர்பிட்டன் நகரில் சார்லஸ் கூப்பரும் அவருடைய மகன் ஜான் கூப்பரும், ஃபியட் டோப்போலினோ என்னும் சிறு கார் இரண்டின் முன்பகுதிகளை வெட்டியெடுத்து, ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக இணைத்து, ஜே.ஏ.பி. நிறுவனத்தின் 500 சி.சி. மோட்டார் சைக்கிள் இன்ஜினை அதில் ஏற்றினார்கள். இன்ஜினை முன்னால் வைத்தால் செயினைப் பின்சக்கரம் வரை இழுக்க வேண்டியிருக்கும் என்ற நடைமுறைக் காரணத்துக்காகவே அவர்கள் அதை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். அந்தச் சிறு கார்களின் வழிவந்த கூப்பர் கார் ஒன்றில் ஸ்டிர்லிங் மோஸ் 1958இல் அர்ஜென்டினா கிராண்ட் பிரீயை வென்றார். 1959இல் ஜாக் பிராபம் உலகப் பட்டத்தையே வென்றார். அடுத்த சில ஆண்டுகளில் முன்புற இன்ஜின் கொண்ட ஃபார்முலா ஒன் கார்கள் வழக்கொழிந்தன. மோட்டார் சைக்கிள் இன்ஜினைக் காருக்குள் வைப்பதை விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று ஒதுக்குபவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துவிட்டுப் பேசுவது நல்லது.

ஆனால் பந்தயத் தடத்திலும் இந்த இன்ஜினுக்கு ஒரு தீராத தொல்லை உண்டு. மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பும்போது உள்பக்கமாகச் சாய்கிறது. புவியீர்ப்பு விசையும் வளைவின் வெளித்தள்ளும் விசையும் சேர்ந்த கூட்டு விசை வண்டியின் நடுக்கோட்டு வழியாகவே இறங்குவதால், இன்ஜினின் அடியில் உள்ள சம்ப் எனப்படும் எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய் அசையாமல் நிற்கிறது. கார் அவ்வாறு சாய்வதில்லை. புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையில் ஒரு பந்தயக் கார் வளைவைக் கடக்கும்போது, சம்ப்பில் உள்ள எண்ணெயின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து ஒரு சுவரில் ஏறிவிடுகிறது. அடியில் எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாய் காற்றில் நிற்கிறது. எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றைக் குடித்த பம்ப், கிராங்க் தண்டின் பேரிங்குகளைச் சில நொடிகள் பட்டினி போடுகிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடும் தண்டுக்கு அந்தச் சில நொடிகளே போதும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகளைப் பற்றவைப்பது, சம்ப்பின் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவது, எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்து வேறொரு பம்ப்பால் செலுத்துவது என்று இதற்குப் பரிகாரங்கள் உள்ளன. எதையும் செய்யாமல் இன்ஜினை அப்படியே தூக்கி வைத்தவர்கள், விரைவிலேயே பேரிங் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

தடத்தை விட்டுத் தெற்கே இறங்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே பொள்ளாச்சியை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பும் சாலை, தமிழ்நாட்டின் மோட்டார் வரலாற்றில் தனி இடம் பெற்றது. கோவை ஜி.டி. நாயுடு 1920இல் தம்முடைய பேருந்துத் தொழிலைத் தொடங்கியது பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே, ஒரே ஒரு வண்டியைத் தாமே ஓட்டித்தான். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஊரைவிட்டு வந்து உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பூட்டிப் படித்தவர் அவர் என்பது கோவை வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. இரண்டு பேர் அமரக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றை 1952இல் உருவாக்கி, 2,000 ரூபாய்க்கு விற்க முடியும் என்று அவர் காட்டியும், அரசின் உரிமம் கிடைக்காததால் அந்த முயற்சி நின்றுபோயிற்று. மோட்டார் சைக்கிளில் தொடங்கிப் பேருந்து வழியாகச் சிறு காருக்கு வந்த ஒருவரின் தொழில் வாழ்க்கை இந்தச் சாலையில் தொடங்கியது என்பதை இந்த வழியே போகும் கார்ப் பிரியர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள் என்பது ஐயமே.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை வழியாகப் பழநி வரை பெரும்பாலும் சமதளம். காற்றாலைகள் நிற்கும் இந்த வெளியில் இன்ஜின் மாற்றிய கார் குறையின்றி ஓடும். ஆனால் சும்மா ஓடாது. கே.டி.எம். 390 இன்ஜினை மோட்டார் சைக்கிளில் இருந்த அதே ஸ்பிராக்கெட் அளவுகளோடு, 12 அங்குல விளிம்புள்ள சிறு சக்கரங்களை ஓட்டுமாறு பொருத்தினால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆறாவது கியரிலும் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,500 சுற்று ஓட வேண்டியிருக்கும். அதே வேகத்தில் ஹெரால்டின் இன்ஜின் அதைவிடக் குறைவாகவே சுற்றும். அந்த இரைச்சலை ஒரு மணி நேரம் தகரக் கூட்டுக்குள் அமர்ந்து கேட்பது எல்லோருக்கும் இன்பமாக இராது.

பழநி அடிவாரத்தில் யாத்திரிகர்களுக்காகக் குதிரை வண்டிகள் இன்றும் காத்து நிற்கின்றன. முருகன் கோயில் குன்றின் மேல் ஆட்களை ஏற்றுவதற்கு 1966இல் வின்ச் எனப்படும் இழுவை ரயிலும், 2004இல் ரோப் காரும் வந்தன. இந்த இரண்டிலும் விசை தரும் எந்திரம் நிலையத்திலேயே நிற்க, பெட்டி மட்டும் கம்பி வடத்தில் ஏறி இறங்குகிறது என்பதால், தன் இன்ஜினையும் தானே சுமந்துகொண்டு ஏற வேண்டிய கார்களின் கவலைகள் அவற்றுக்கு இல்லை. அந்தக் கவலைகள் நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, வரதமாநதி அணையைக் கடந்ததும் ஆரம்பமாகின்றன.

பழநி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 320 மீட்டர் உயரத்திலும் கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையே உள்ள 64 கிலோமீட்டரில் சாலை சராசரியாக 100 மீட்டருக்கு 3 மீட்டர் என்ற அளவில் ஏறுகிறது. சில இடங்களில் ஏற்றம் அதைவிட இரண்டு மூன்று மடங்காகிறது. இரண்டு பேரும் பெட்டிகளுமாக 700 கிலோ எடையுள்ள ஒரு சிறு கார், 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் சரிவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகத் தேவையான திறன், சக்கர உராய்வையும் சேர்த்து, 7 அல்லது 8 குதிரைத்திறனே. இந்தக் கணக்கைப் பார்த்தால், 13 குதிரைத்திறன் கொண்ட ஃபியட் 500 ஏன் ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் தயங்காமல் ஏறியது என்பதும், 43 குதிரைத்திறன் வேண்டும் என்னும் வாதத்துக்கு மலையில் ஏன் பெரிய மதிப்பில்லை என்பதும் புலனாகும்.

மலை கேட்பது வேறொன்றை. தண்டைத் திருப்பும் விசையின் அளவு டார்க் எனப்படும். அந்த விசை ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றிவருகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது குதிரைத்திறன். மோட்டார் சைக்கிள் இன்ஜின் தன் குதிரைத்திறனின் பெரும்பகுதியைச் சுற்று எண்ணிக்கையிலிருந்து பெறுகிறதே தவிர டார்க்கிலிருந்து அல்ல. கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பேருந்துக்காக நின்றுவிட்டு மறுபடி புறப்படும் கணத்தில் சுற்று எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும்; அங்கே அந்த இன்ஜினிடம் கொடுப்பதற்கு அதிகம் இராது. எனவே ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை அழுத்தி இன்ஜினை இரையவிட்டு, கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்தபடி வண்டியை நகர்த்துவார். மோட்டார் சைக்கிளும் ஓட்டுநருமாகச் சேர்ந்து 230 கிலோவை நகர்த்துவதற்காக வடிவமைத்த கிளட்ச் தட்டுகள், இப்போது அதைப் போல மும்மடங்கு எடையைச் சரிவில் நகர்த்த வேண்டியிருப்பதால், உரசலில் எழும் வெப்பமும் மும்மடங்குக்கு மேலாகிறது. மோட்டார் சைக்கிளில் கிளட்சும் இன்ஜினும் ஒரே எண்ணெயில் நனைவதால், தட்டுகளிலிருந்து தேய்ந்து உதிரும் துகள் இன்ஜின் எண்ணெயிலேயே கலக்கிறது. 1,000 சி.சி. பந்தய வகை மோட்டார் சைக்கிள்களின் இன்ஜினைப் பழைய மினி காரில் ஏற்றுபவர்கள் இங்கிலாந்தில் நிறைய உண்டு. முதல் கியரிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும் அந்த இன்ஜின்களைப் பழநி மலைப்பாதையில் ஓட்டினால், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் கிளட்சை எரித்தே கடக்க வேண்டும்.

இதற்குப் பட்டறைக்காரர்கள் சொல்லும் மருந்து ஸ்பிராக்கெட்டை மாற்றுவது. பின்னால் 45 பற்கள் உள்ள இடத்தில் 60 பற்களுள்ள ஸ்பிராக்கெட்டைப் போட்டால், சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே சுற்று எண்ணிக்கையில் வண்டியின் வேகம் நான்கில் ஒரு பங்கு குறையும். மலைக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் உடுமலைச் சமவெளியில் 5,500 சுற்றில் இரைந்த இன்ஜின் இப்போது 7,000 சுற்றைத் தாண்டி அலறும். ஒரே வண்டி தடத்துக்கும் சமவெளிக்கும் மலைக்கும் பொருந்த வேண்டுமானால், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் செயினைக் கழற்றி மாட்ட வேண்டியதுதான்.

மலைப்பாதையில் வரும் சவரிக்காடு என்னும் ஊரை ஒட்டிய பகுதிகளில் சாலை ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாகக் குறுகுகிறது. மலைச் சாலையில் இரண்டு வண்டிகள் ஒதுங்க இடமில்லாத இடத்தில், இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதி. இருந்தாலும் வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிட்ட பேருந்தைப் பார்த்து விதி பேசிக்கொண்டிருக்க முடியாது என்பதால், சிறிய வண்டி பின்வாங்குவதே வழக்கம். மோட்டார் சைக்கிள் இன்ஜின் பொருத்திய கார் இந்த இடத்தில்தான் தன் பிறப்பைக் காட்டிக்கொடுக்கிறது; அதன் கியர் பாக்ஸில் ரிவர்ஸ் கிடையாது. ஓட்டுநர் இறங்கி வண்டியைக் கையால் தள்ளலாம். ஆனால் சரிவில் 500 கிலோவைத் தள்ளுவது, அதுவும் பேருந்தில் உள்ள அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கையில், மகிழ்ச்சி தரும் அனுபவமாக இருக்க வாய்ப்பில்லை. மோட்டார் சைக்கிளும் சிறிய மூன்று சக்கர வண்டியும் தவிர்த்த எல்லா மோட்டார் வாகனங்களும் தம் சொந்த விசையால் முன்னும் பின்னும் நகரக் கூடியவையாக இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன. டிஃபரன்ஷியலுக்கு முன்னால் ரிவர்ஸுக்கென்றே தனிப் பெட்டி ஒன்றைச் சேர்ப்பதும், ஸ்டார்ட்டர் மோட்டார் போன்ற மின் மோட்டாரைக் கொண்டு சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்புவதும் கைக்கொள்ளப்படும் வழிகள். ஜெர்மனியில் 1955இல் வந்த மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர். 200 என்னும் மூன்று சக்கரச் சிறு காரில் இன்னும் வேடிக்கையான தீர்வு இருந்தது: அதன் டூ ஸ்ட்ரோக் இன்ஜினையே நிறுத்தி எதிர்த்திசையில் இயக்கிவிடலாம்; அப்போது நான்கு கியர்களும் பின்னோக்கி வேலை செய்யும். நான்காம் கியரில் ரிவர்ஸ் போக யாருக்குத் துணிவு வந்திருக்கும் என்பது வேறு செய்தி.

இதே வளைவுகளில் பழைய ஹெரால்டின் அருமை தெரிகிறது. அதன் முன்சக்கரங்கள் மிகக் கூடுதலாகத் திரும்பக் கூடியவை. 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் அந்தக் கார் முழுதாகத் திரும்பிவிடும். அடிச்சட்டம் தனியாக இருப்பதாலும், பானெட் முன்பக்கக் கீலில் இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து முழுவதுமாகக் கவிழ்ந்து திறந்துகொள்வதாலும், இன்ஜின் மாற்ற நினைப்பவர்களின் கண் முதலில் விழுவதும் அதன்மேல்தான். அதே காரணத்தால் அதன் சொந்த இன்ஜினைப் பழுது பார்ப்பதும் எளிது என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மேலே போகப் போகப் புதர்க்காடு மறைந்து, மலை வாழையும் காப்பியும் ஆரஞ்சும் நிழல் மரங்களுக்கு அடியில் வரத் தொடங்குகின்றன. பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி வாழை விளைவது இந்தக் கீழ்ப்பழநி மலைச் சரிவுகளில்தான். காய் ஏற்றிய லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏற, பின்னால் வரும் வண்டிகள் அவற்றின் புகையைக் குடித்தபடி மணிக்கு 15 கிலோமீட்டரில் ஊர்ந்துவரும் காட்சி இங்கே அன்றாடம் காணக் கூடியது. ராயல் என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற காற்றுக் குளிர்ச்சி இன்ஜின்கள், சிலிண்டரைச் சுற்றியுள்ள விசிறி மடிப்பு போன்ற தகடுகளின் மேல் எதிர்க்காற்று பட்டால்தான் குளிரும். பானெட்டுக்குள் அடைத்து, ஊர்ந்து செல்லும் வேகத்தில், முழு இழுவையில் ஓடவிட்டால் அவற்றுக்குக் காற்று எங்கிருந்து வரும்? ஃபியட் 500இன் இன்ஜினும் காற்றுக் குளிர்ச்சி வகைதான். ஆனால் அதன் பொறியாளர்கள் இன்ஜினே ஓட்டும் மின்விசிறி போன்ற காற்றாடி ஒன்றை வைத்து, தகரக் கூண்டின் வழியாகச் சிலிண்டர்மேல் காற்றை ஊதச் செய்தார்கள். நீர்க் குளிர்ச்சி உள்ள புதிய மோட்டார் சைக்கிள் இன்ஜின்களுக்கு இந்தக் கவலை குறைவு என்றாலும், அவற்றோடு வரும் சிறு ரேடியேட்டர் மலையேற்றத்துக்குப் போதாது. கார் ரேடியேட்டர் ஒன்றை இடம் பார்த்துப் பொருத்த வேண்டியிருக்கும்.

பெருமாள்மலையில் வத்தலக்குண்டிலிருந்து வரும் சாலையோடு பழநிச் சாலை சேர்கிறது. இங்கிருந்து வெள்ளி அருவியையும் செண்பகனூரையும் கடந்தால் கொடைக்கானல். மதுரை கலெக்டராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் 1863இல் உருவாக்கிய ஏரியைச் சுற்றி வளர்ந்த இந்த ஊருக்கு, பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தோ டோலியிலோ ஏறிவந்த காலம், மேஜர் லா என்பவர் வகுத்த தடத்தை ஒட்டி அமைந்த மலைச்சாலையில் 1910களில் மோட்டார் வண்டிகள் வரத் தொடங்கியதும் முடிவுக்கு வந்தது. ஊருக்கு மேலே 2,343 மீட்டர் உயரத்தில், 1901 முதல் சூரியனை நோக்கிவரும் வானாய்வகம் இருக்கிறது. ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டறிந்தார். வானாய்வாளர்கள் விரும்பித் தேடிவந்த மெல்லிய காற்று இன்ஜின்களுக்கு உகந்ததன்று. ஏரிக்கரையில் காற்றழுத்தம் ஏறத்தாழ 785 மில்லிபார். கடல் மட்டத்தில் அது 1,013. காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், ஒவ்வொரு உறிஞ்சலிலும் சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜனும் அந்த அளவு குறைகிறது. டர்போ இல்லாத எந்த இன்ஜினும் இங்கே தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். கார்ப்பரேட்டர் கொண்ட பழைய இன்ஜினில் காற்று குறைந்தாலும் பெட்ரோல் அதே விகிதத்தில் குறையாமல் வந்துகொண்டிருப்பதால், கலவை கனத்துக் கரும்புகை தள்ளும். இந்த ஒரு விஷயத்தில், காற்றழுத்தத்தை உணர்ந்து பெட்ரோல் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள புதிய மோட்டார் சைக்கிள் இன்ஜின், பழைய கார் இன்ஜினைத் தெளிவாக வென்றுவிடுகிறது.

வத்தலக்குண்டு வழியாக இறங்குவது ஏறுவதைவிடக் கடினமான சோதனை. கொடைக்கானலிலிருந்து அடிவாரம் வரை 700 கிலோ எடையுள்ள கார் இழக்கும் உயர ஆற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றினால், அறை வெப்பநிலையில் உள்ள 35 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்த வெப்பம் பிரேக்குக்கோ இன்ஜினுக்கோ போயாக வேண்டும். ஹெரால்டு, ஃபியட் 500 ஆகிய பழைய கார்களில் இருப்பவை டிரம் பிரேக்குகள். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் இழப்பது அவற்றின் இயல்பு. ஆகவே ஏறிய கியரிலேயே இறங்கி, வண்டியின் வேகத்தை இன்ஜினைக் கொண்டே அடக்க வேண்டும் என்று மலை ஓட்டுநர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் இன்றைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில், கே.டி.எம். 390இலும் ராயல் என்ஃபீல்டு 650 வகைகளிலும்கூட, ஸ்லிப்பர் கிளட்ச் என்னும் ஏற்பாடு உள்ளது. வேகத்தில் கியரைச் சட்டென்று குறைக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமலிருக்க, சக்கரத்திலிருந்து இன்ஜினுக்குத் திரும்பிவரும் விசை ஓர் அளவைத் தாண்டினால் அது கிளட்சைத் தானே சற்று நழுவ விடும். இரண்டு சக்கரத்தில் உயிர் காக்கும் அந்த நழுவல், 700 கிலோவோடு டம் டம் பாறையைத் தாண்டி இறங்கும் காரில் இன்ஜின் பிரேக்கையே பறித்துக்கொள்ளக் கூடும். இந்த மலைப்பாதையில் இன்ஜின் மாற்றத்துக்கு எதிராகச் சொல்லக் கூடிய காரணங்களில் இதுவே மிகக் கனமானது.

இத்தனைக்கும் மோட்டார் சைக்கிள் இன்ஜினைக் கொண்ட சிறு கார் உலகம் காணாததன்று. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1955இல் தன் ஆர் 25 மோட்டார் சைக்கிளின் 247 சி.சி. இன்ஜினை இசெட்டா என்னும் முட்டை வடிவக் காரில் வைத்து, 1962 வரை 1,60,000க்கும் மேற்பட்ட கார்களை விற்றது. ஹோண்டா நிறுவனம் 1963இல் வெளியிட்ட எஸ் 500 காரில், பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோனவை இரண்டு செயின்களே. இந்தியாவில் பஜாஜ் க்யூட், 216 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினோடு, குவாட்ரிசைக்கிள் என்னும் தனி வகையாக 2018இல் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கும் அனுமதி பெற்றது. அதன் எடை 400 கிலோவை ஒட்டியது, கியர் பாக்ஸில் ரிவர்ஸ் உண்டு. இவற்றிலெல்லாம் இன்ஜினுக்கு ஏற்பக் காரைக் கட்டினார்களே தவிர, வேறொரு இன்ஜினுக்காகக் கட்டிய காரில் இதைத் திணிக்கவில்லை. தேவை முன்னின்றபோது திணித்த கதையும் இந்தியாவில் உண்டு. போர்க்காலத்து ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களை வெட்டிக் கட்டிய ஃபட்ஃபட்டி என்னும் பங்கு வண்டிகள் 1998 வரை டெல்லித் தெருக்களில் ஆள் ஏற்றின. சென்னையின் மீன்பாடி வண்டிகளில் பழைய பைக் இன்ஜின்கள் இன்றும் இரைகின்றன. இரண்டும் சமதளத்து ஊர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் சுற்றி வளைக்காமல் பேசுகிறது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகத்து விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எரிவாயு, மின்கலம் போன்ற வேறு ஆற்றலுக்கு மாறுவதற்கு அனுமதி பெற்ற கருவித் தொகுதிகளுக்கு விலக்கு உண்டு. வேறு வகை பெட்ரோல் இன்ஜினுக்கு அப்படி விலக்கு இல்லை. மேலும், 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய, அடிச்சட்டமும் உடலும் இன்ஜினும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும். ஹெரால்டின் வயிற்றில் கே.டி.எம். இன்ஜினை வைத்தவர் சாலையில் ஓட்டும் உரிமையையும் விண்டேஜ் பதிவையும் ஒருசேர இழக்கிறார். கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயமாகியுள்ள நிலையில், பதிவு எண்ணுக்கும் வண்டிக்கும் பொருத்தமில்லாமல் மலையேறுவது வேண்டாத வம்பு.

ஆகவே, மோட்டார் சைக்கிள் இன்ஜினைச் சிறு காரில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் செட்டிபாளையத் தடமே உரிய இடம். அங்கே எஃகுக் குழாயில் புதிய அடிச்சட்டம் கட்டி, சம்ப்புக்குத் தடுப்புத் தகடு போட்டு, ஆசை தீரும் வரை விரட்டலாம். கொட்டகையில் ஹெரால்டோ பழைய ஃபியட்டோ வைத்திருப்பவர்கள், அதன் சொந்த இன்ஜினைப் போரிங் செய்து, பிரேக் லைனிங்கைப் புதுப்பித்து, ரேடியேட்டர் இருந்தால் அதையும் சுத்தம் செய்துகொண்டு பழநி வழியாக ஏறட்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் கொடைக்கானல் போய்ச் சேர ஹெரால்டின் 35 குதிரைத்திறன் தாராளம்.